யாரைக் காண?

இலக்கணம் என்னும் சொல்லைக் கேட்டவளவிலே முகஞ்சுளிப்பார் நம்முள் பலர். தமிழைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட எம்மைக் காணுந்தோறும், "வேற்றுமையுருபுகளை எண்ணியே மூன்றாண்டையும் கழிப்பீரோ?" என்று நகையாடும் தோழரும் உளர். அவர்க்கு விடை கூறும்பொருட்டு யாம் இதனை எழுதப் புகுந்தோமல்லோம். சென்ற ஆடித் திங்களில், காரைக்காலில் எம் இல்லத்துத் திண்ணையில், இரண்டாம் வேற்றுமையுருபு ஒன்று எம் குடும்பத்தார்க்குச் செய்த உதவியை நிகழ்ந்தவாறே உரைப்பது எம் கருத்து. அவ்வுருபு வெளிப்படுதற்கு ஏதுவாயிருந்தது, நம் நாட்டிற்கு நெடுந்தொலைவிலுள்ள ஸ்பானிய மொழியின் ஓர் இலக்கண விதி என்பதே இதன்கண் வியப்பாம்.

காரைக்கால் அரசலாறு கடலொடு கலக்கும் இடத்தில் உள்ளது. 1739-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் கைப்பட்ட அவ்வூர், இடையிடையே ஆங்கிலேயர் வசம் சென்று மீண்டு, 1954 நவம்பர் 1-ஆம் நாள் இந்திய ஆட்சியின்கீழ் வந்தது. சட்டமுறைப்படி அம்மாற்றம் நிறைவேறியது 1962 ஆகஸ்டு 16-ஆம் நாளில். பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்புவோர் அதனை வைத்துக்கொள்ளலாம் என்று உடன்படிக்கை இடந்தந்தமையால், இன்றும் எம் ஊரில் ஒரு வீட்டார் இந்தியராயும் அடுத்த வீட்டார் பிரெஞ்சுக் குடிகளாயும் இருக்கக் காணலாம். அண்ணன் பாரிசு நகரிலும் தம்பி திருநள்ளாற்றுச் சாலையிலும் வாழ்வது எமக்குப் புதுமையன்று. எம் பாட்டனார் பிரெஞ்சுப் படையிற் பணியாற்றியவர். அத்தகையாரை எம் பக்கத்தார் 'சொல்தா' என்பர். அவர்தம் மூத்த மகனாராகிய எம் பெரியப்பா இளமையிலேயே பிரான்சு சென்று, தொழிலும் இல்லறமும் அங்கேயே அமைத்துக்கொண்டார்.

பாட்டனார் இறந்தபோது பெரியப்பா வரவில்லை. தடுத்தது யாதென்பதை யாம் அறியோம்; அப்போது எமக்கு வயது பத்து. அன்று மாலை தொலைபேசியில் அப்பாயி தம் மகனை நோக்கிச் சொல்லிய கடுஞ்சொல் ஒன்று மட்டும் எம் நினைவில் உள்ளது. அதனை ஈண்டு எழுதுதல் தகாது. அதன்பின் ஒன்பதாண்டுகள் தாயும் மகனும் ஒருவரோடொருவர் பேசினாரில்லை. பெரியப்பாவின் பெயரை வாயாற் சொல்வதையே அப்பாயி விட்டுவிட்டார். இரவுச் செபத்தில் பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாய்ச் சொல்லி மன்றாடுவது அவர் வழக்கம். முதற்பெயர் வரவேண்டிய இடத்தில் சிறிது நிறுத்தி, இரண்டாம் பெயரிலிருந்து தொடங்குவார். அந்நிறுத்தத்தை வீட்டார் அனைவரும் நாடோறும் கேட்டிருந்தோம். அதன் பொருளை வினவினார் ஒருவருமிலர்.

நிற்க. பெரியப்பாவுக்கு ஒரே மகள், எமக்குத் தங்கை முறையினள், வயது பதினான்கு. தமிழிற் சில சொற்கள் அவளுக்கு விளங்கும். படிக்கவும் எழுதவும் அறியாள். யாம் பள்ளியிற் பிரெஞ்சு மொழியைப் பாடமாகக் கற்றவராதலின், அப்பாயி தம் பேர்த்திக்குத் தமிழிற் சொல்லுவதை யாம் பிரெஞ்சிற் பெயர்த்து எழுதுவது வழக்கமாயிற்று. சென்ற ஆண்டு அவ்வாறு எழுதுவித்த கடிதமொன்றின் முடிவில் அப்பாயி, "போய்ச் சேருமுன்னே ஒரு தரம் கண்ணாலே பார்த்துவிட வேணும் என்று எழுது" என்றார். யாரை என்று அவர் சொல்லவில்லை, யாமும் கேட்கவில்லை. தமிழில் அதற்குக் குறையொன்றுமில்லை. பார்ப்பவரையும் பார்க்கப்படுபவரையும் சொல்லாமலே 'பார்க்க வேண்டும்' என்பது முழுமையான வாக்கியமாய் நிற்கும். பிரெஞ்சிலோ அது செல்லாது. காணுதலைக் குறிக்கும் 'வுவார்' என்னும் எச்சத்தின் முன்னே என்னை, உன்னை, அவனை, அவளை என்பவற்றுள் ஒன்று வந்தே தீரவேண்டும். கடிதம் தங்கைக்குச் செல்வது. ஆகவே 'உன்னை' என்பதே பொருந்தும் என்று துணிந்து 'தெ வுவார்' என எழுதி முடித்தோம். எம் பிரெஞ்சுப் புலமையைக் குறித்துச் சிறிது இறுமாப்பும் கொண்டோம்.

அக்கடிதத்தின் பயனாகத் தங்கை ஆடி மாதத்தில், தன் ஊரினின்று புறப்பட்ட ஒரு குடும்பத்தாரோடு காரைக்கால் வந்து சேர்ந்தாள். யாமும் கல்லூரியில் விடுப்புப் பெற்று இல்லம் சென்றோம். அப்பாயி பேர்த்தியை ஆரத்தழுவி, உச்சி மோந்து, தம் கையாற் சோறூட்டினார். எனினும் மாலைதோறும் திண்ணையில் அமர்ந்து தெருக்கோடியை நோக்கியிருந்தார். அதனை யாம் முதுமையின் வழக்கமென்று எண்ணினோம்.

தங்கை தன் பையில் ஒரு ஸ்பானியப் பாடநூலும் பயிற்சியேடும் கொண்டு வந்திருந்தாள். பிரான்சு நாட்டுப் பள்ளிகளில் மாணவர் இரண்டாவது அயல்மொழி ஒன்றும் பயில்வர்; ஸ்பானியத்தைத் தேர்வோர் மிகப் பலர். ஏட்டைத் திறந்தோம். பக்கந்தோறும் ஆசிரியரின் சிவப்பு மையே பரந்திருந்தது. பிழையெல்லாம் ஒரே இனத்தன. எமக்கு ஸ்பானியம் தெரியாது. ஆயினும் நூலின் விதிகள் பிரெஞ்சில் எழுதப்பட்டிருந்தமையாலும், பிழையின் காரணத்தை நாடுவது இலக்கணம் பயில்வார்க்கு இயல்பாதலாலும், அவளுடன் அமர்ந்து அவ்விதியை ஆராயத் தொடங்கினோம்.

விதி இதுவேயாம். ஸ்பானியத்தில் காணுதலைக் குறிக்கும் சொல் 'பெர்'. எழுத்தில் வகரம்போல் இருப்பினும் ஒலியில் மெல்லிய பகரமாய்க் கேட்கும். காலமும் இடமும் காட்டாத அவ்வடிவத்தை நம் 'செய' என்னும் வாய்பாட்டு எச்சத்தோடு ஒருவாறு ஒப்பிடலாம். 'அவனைக் காண' என்னுமிடத்து, 'அவனை' எனப் பொருள்படும் 'லோ' என்னும் சொல் எச்சத்தின் பின்னே சென்று, இடைவெளியின்றி ஒட்டி, 'பெர்லோ' என ஒரு சொல்லாய் விடும். அவளைக் காண 'பெர்லா'. உன்னைக் காண 'பெர்தெ'. என்னைக் காண 'பெர்மெ'. ஆனால் 'காண்கிறேன்' என்று வினைமுற்று வருமிடத்து அச்சிறு சொல் முன்னே வந்து தனித்து நிற்கும். 'அவனைக் காண விரும்புகிறேன்' என இருவினை சேர்ந்து வரின், இரண்டாவதன் பின்னே ஒட்டி 'கியேரோ பெர்லோ' என்றும் சொல்லலாம், முதலாவதன் முன்னே பிரித்து 'லோ கியேரோ பெர்' என்றும் சொல்லலாம், பொருள் ஒன்றே. இரண்டிற்கும் நடுவே மட்டும் வைத்தலாகாது.

தங்கை வைத்ததோ அந்நடுவில்தான்! பிரெஞ்சுக்காரர் இன்று 'விரும்புகிறேன்' என்பதன் பின்னும் 'காண' என்பதன் முன்னுமாக நடுவிலேயே அச்சொல்லை வைப்பர். தாய்மொழியின் தடத்திலே கால் சென்றது. அதனாற் சேறு பட்டது. பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஆசிரியர்கள் 'அவனை' என்பதனை இருவினைக்கும் முன்னே வைத்து எழுதுதல் பெருவழக்காயிருந்தது என்று அவளுக்கு எடுத்துரைத்தோம். "அக்காலத்தில் பிறந்திருந்தால் பாதிப் பிழை குறைந்திருக்குமே, அண்ணா!" என்று சிரித்தாள்.

இதனை விளக்குதற்கு நம் நன்னூல் எமக்குப் பெரிதும் கைகொடுத்தது. 'கண்டேன்' என்னும் சொல்லில் பகுதியும் இடைநிலையும் விகுதியும் உள. ஈற்றிலுள்ள விகுதி காண்பவனைக் காட்டும். 'காண' என்னும் எச்சத்திலோ அவ்விகுதி இல்லை. அதன் கடைவீடு வெறிதாய் உள்ளது. ஸ்பானியர் அவ்வெற்றிடத்தில் செய்வோனைக் குடியேற்றாது செயப்படுபொருளைக் குடியேற்றினர். தமிழர் அவ்வீட்டைப் பூட்டியே வைத்தனர். செயப்படுபொருளை முன்வாயிலில் நிறுத்தினர். எனினும் முற்றப் பிரித்து வைத்தாரோ எனின், அதுவுமன்று. 'அவனைக் காண' என்பதில் ஐகார உருபின்பின் தோன்றும் ககர மெய்யை நோக்குக. இரண்டாம் வேற்றுமை விரியில் வல்லினம் மிகும் என்று சிறுவகுப்பிலே மனப்பாடம் செய்தோமன்றோ? அம்மெய்யே இரு சொற்களையும் பிணிக்கும் பசையாம்.

புணர்ச்சியிலும் ஒப்புமை காணலாம். 'பெர்' என்பதோடு 'லோ' சேர்வது இயல்பு புணர்ச்சி; ஒன்றும் மாறுவதில்லை. 'செல்வோம்' எனப் பொருள்படும் 'பாமோஸ்' என்பதோடு 'நோஸ்' சேருங்கால் இடையிலுள்ள ஸகரம் கெட்டு 'பாமோநோஸ்' ஆகும், இது கெடுதல். போர்த்துக்கேய மொழியில் 'வேர்' என்பதோடு 'அவனை' சேர, ரகரம் கெட்டு லகரம் வெளிப்பட்டு 'வே-லு' என்றாகும். இத்தாலியர் தம் எச்சத்தின் ஈற்றுயிரைக் கெடுத்தே ஒட்டுவர்.

இம்மொழியாளர் நம் கடற்கரைக்குப் புதியரல்லர். தமிழில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலை 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட அண்டிரிக் அடிகளார் போர்த்துக்கேயர். தமிழுக்கு இலக்கணமும் எழுதியவர். கொடுந்தமிழ் இலக்கணம் இயற்றிய வீரமாமுனிவர் இத்தாலியர். அந்நூல் 1738-இல் எம் ஊர்க்கு வடக்கேயுள்ள தரங்கம்பாடியில் அச்சேறிற்று. பின்னே ஒட்டிப் பழகிய அவர்கள் நாவு, 'அவனை' என்பதனை முன்னே வைத்துப் பேசப் பழகியபோது எத்துணை இடர்ப்பட்டிருக்கும்! தங்கை இன்று படும் இடர்ப்பாட்டையே அவர்கள் மறுதலையாகப் பட்டிருப்பார் என்று எண்ணி ஆறுதல் கொண்டோம்.

தங்கையின் வகுப்புத் தோழி ஒருத்தி குவாதலூப்புத் தீவினள். அவள் வீட்டாரின் கிரியோல் மொழியிலும், பிரெஞ்சிலிருந்து பிறந்த மொழியாயினும், 'அவனை' என்பது வினையின் பின்னேதான் வரும் என்று தங்கை கூறினாள். அது கேட்டு யாம் வேறொன்றை நினைந்தோம். 1861-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் செய்த உடன்படிக்கையின்படி, எம் காரைக்கால் துறையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலேறி, குவாதலூப்பு, மர்த்தினிக்கு, ரெயூனியன் தீவுகட்குச் சென்ற தமிழர் பல்லாயிரவர். கரும்புத் தோட்டத்தில் அவர்கள் வழியினர் தமிழை மறந்தனர். 'அவனைக் காண' என்று முன்வைத்த நாவு 'காண அவனை' என்று பின்வைக்கக் கற்றது. வைக்கும் இடம் மாறினும், காண வேண்டியவரை நினைக்கும் நினைவு மாறியிராது.

அடுத்த மாலை, இரண்டு சிறு சொற்கள் ஒருங்கே ஒட்டும் விதியை எடுத்துக்கொண்டோம். கொடுத்தலைக் குறிக்கும் சொல் 'தார்'. 'அதனை எனக்குத் தர' என்பதற்கு, முதலில் 'எனக்கு' எனப் பொருள்படும் 'மெ', பின்னர் 'அதனை' எனப் பொருள்படும் 'லோ' என முறையே ஒட்டித் 'தார்மெலோ' என்பர். பிரெஞ்சில் ஏவுங்கால் 'தொன்-லெ-முவா' என இம்முறை தலைகீழாகும். இரண்டு அசைகள் பின்னே ஏறியும் ஒலியழுத்தம் முதலில் இருந்த இடத்தைவிட்டுப் பெயராது என்பதைக் காட்டுதற்காகத் 'தார்' என்பதன் உயிரின்மேல் ஒரு சிறு கோடு இடுவர். 'பெர்லோ'வில் ஒன்றே ஏறியமையால் அக்கோடு வேண்டுவதில்லை. 'அவனுக்கு' எனப் பொருள்படும் 'லெ' என்பது 'லோ'வின் முன் வரின், 'செ' எனத் திரிந்து 'தார்செலோ' ஆகும். இது திரிதல்.

'தார்' என்பதும் நம் 'தா' என்பதும் ஒலியால் ஒத்திருத்தல் கண்டு தங்கை மகிழ்ந்தாள். அது தற்செயலே என்றும், ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு உறவு கட்டுதல் அறியாமை என்றும், எம் ஆசிரியர் எமக்கு உரைத்ததனை அவளுக்கு உரைத்தோம். ஆனால் வேறொரு செய்தி உண்டு. செலவு, வரவு, தரவு, கொடை என்னும் நான்கனுள், தருதலும் வருதலும் தன்மை முன்னிலைகட்கே உரியன என்றும், செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன என்றும் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வரையறுத்தார். பழந்தமிழில் 'தா' என்றவளவிலே 'எனக்கு' என்பது அதனுள் அடங்கிற்று. 'வா' என்றவளவிலே 'என்பால்' என்பது அடங்கிற்று. ஸ்பானியர் வினையின் புறத்தே ஒட்டியதை, நம் முன்னோர் சில வினைகளில் அகத்தே பொதிந்து வைத்தனர் எனலாம். இதனைச் சொல்லுங்கால், தேர்வுக்காகப் படித்த நூற்பா முதன்முறையாக எமக்கு உயிருள்ளதாய்த் தோன்றிற்று.

மூன்றாம் மாலை தங்கை ஒரு பயிற்சியை எழுதினாள். வீட்டில் உள்ளோர் விரும்புவன யாவை என ஐந்து வாக்கியம் எழுதுக என்பது வினா. "என் பாட்டி என்னைக் காண விரும்புகிறாள்" என்பதை முதலில் எழுதினாள். 'பெர்மெ' என்பது பிழையின்றி அமைந்தது கண்டு களித்து, மறவாதிருக்கும்பொருட்டு, "பெர்மெ, பெர்தெ, பெர்லோ, பெர்லா" என்று உரக்கப் பன்முறை ஓதினாள். அருகே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அப்பாயி கை நிறுத்தி நிமிர்ந்தார்.

"பேர், பேர் என்கிறாளே, யார் பேரைச் சொல்லுகிறாள்?" என்று எம்மைக் கேட்டார்.

யாம் நகைத்து, "பேர் அன்று, அப்பாயி. அந்த மொழியிற் பார்க்க என்பதற்கு அப்படிச் சொல்லவேண்டும். நீங்கள் அவளைப் பார்க்க ஆசைப்பட்டதை எழுதுகிறாள். சென்ற ஆண்டு கடிதத்திற் சொன்னீர்களே" என்றோம்.

"அவளைப் பார்க்க ஆசையில்லாமலா? ஆனால், அன்றைக்கு நான் சொன்னது அவளையில்லையே" என்றார் அப்பாயி.

எம் நகைப்பு அடங்கிற்று. "யாரை?" என்றோம். ஓராண்டுக்கு முன்னரே கேட்டிருக்க வேண்டிய வினா அது.

அப்பாயி கீரைக்காம்பை நோக்கியபடி நெடுநேரம் இருந்தார். பின்னர், "அவனைத்தான்" என்றார்.

பெயர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டுவதில்லை. நாடோறும் செபத்தில் கேட்ட அந்நிறுத்தத்தின் பொருள் அப்போதுதான் எமக்கு விளங்கிற்று. அவ்விடத்தில் ஒரு பெயர் இல்லாதிருந்ததில்லை; ஒலியின்றி இருந்தது. தோன்றா எழுவாய் என்று ஒன்றை நாம் படிக்கிறோம். தோன்றாது நின்ற செயப்படுபொருள் ஒன்றினைச் சுமந்து ஒன்பதாண்டுகள் ஒரு தாய் எம் வீட்டில் இருந்தார். யாமோ அவ்விடத்தில் எமக்குத் தோன்றிய ஒரு சொல்லைப் பெய்து, கடிதத்தை அஞ்சலிற் சேர்த்துவிட்டோம்.

எம் பிழையை இருவர்க்கும் ஒளியாது கூறினோம். "நான்தானே சொல்லவில்லை, நீ என்ன செய்வாய்?" என்றார் அப்பாயி. தங்கை ஒன்றும் கேட்கவில்லை. தன் ஏட்டில் அவ்வாக்கியத்தின் ஈற்றிலிருந்த 'மெ' என்பதை மட்டும் அழித்து, அவ்விடத்தில் 'லோ' என எழுதினாள். வினை இருந்தபடியே இருந்தது. ஒட்டியது ஒன்றே மாறிற்று. ஸ்பானியத்தில் 'லோ' என்பது அவனையும் குறிக்கும். அஃறிணை ஒன்றையும் குறிக்கும். மரியாதையோடு விளிக்கப்படும் ஆடவரையும் குறிக்கும். அவ்வையம் எழாதிருத்தற்காக, அதன்கீழே பிரெஞ்சிலும் எழுதி, அதற்குங்கீழே, எம்மைக் கேட்டுக் கேட்டு, 'அவனை' என்று தமிழெழுத்தில் வரைந்தாள். அவள் வாழ்நாளில் எழுதிய முதற் தமிழ்ச் சொல் அதுவே. பின்பு அப்பக்கத்தைக் கைப்பேசியிற் படம் பிடித்துத் தன் தந்தையார்க்கு அனுப்பினாள்.

அன்றிரவு செபம் முடியும் வேளையில் கைப்பேசி ஒலித்தது. தங்கை அதனை எடுத்துப் பாராமலே அப்பாயியின் கையிற் கொடுத்தாள். அங்கிருந்தவர் பேசினாரோ அழுதாரோ, யாம் அறியோம். அப்பாயி காதில் வைத்தபடி வாளாவிருந்தார். பின், ஒரே ஒரு சொல் சொன்னார்: "வா."

எவரிடத்து என்று அவர் சொல்லவில்லை. இம்முறை யாம் கேட்க வேண்டியதும் இருக்கவில்லை.

பெரியப்பா கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு நான்கு நாள் முன்னதாக வந்து சேர்ந்தார். அவர் உள்ளே சென்றபின் கதவு நெடுநேரம் சாத்தியிருந்தது. அன்றிரவு செபத்தில் நிறுத்தம் இருக்கவில்லை. தங்கையின் பயிற்சியேட்டிற்கு ஆசிரியர் நன்மதிப்பெண் அளித்தார் என்றும், பாட்டி காண விரும்பியது யாரை என்று பக்கவோரத்தில் வினவியிருந்தார் என்றும் பின்னர்க் கேள்வியுற்றோம்.

தோழர்காள்! நம்முள் பலர் இல்லங்களில் முதியோர் சொல்ல எழுதுகிறோம். விண்ணப்பமும் கடிதமும் ஒரு மொழியினின்று மற்றொன்றிற்குப் பெயர்க்கிறோம். அவர் சொல்லாது விட்டதை நாமே நிரப்புதல் எளிது. அவ்வாறு நிரப்பியதில் இலக்கணப் பிழை ஒன்றும் இராது. யாம் எழுதிய பிரெஞ்சு வாக்கியத்திலும் பிழை இருந்ததில்லை. ஒட்டுவதற்குமுன் 'யாரை?' என்று ஒருமுறை கேட்டிருந்தால் போதும். வேற்றுமையுருபுகளை எண்ணியே மூன்றாண்டையும் கழிப்பீரோ என்று இனி வினவும் தோழர்க்கு யாம் சினவோம். அவற்றுள் ஒன்றனையேனும் உரிய பெயரோடு சேர்க்கக் கற்றுக்கொண்டால், அம்மூன்றாண்டும் வீணாகா என்று மட்டும் கூறுவோம்.